கண்ணுக்குத் தெரியாத கரி

கண்ணாத்தாள் மகன் பிரவீன்குமார் ஏரோப்ளேன் ஏறி டெல்லிக்குப் போன அன்றைக்கு, வழியனுப்பப் போன வேனில் மூக்காயிக்குக் கடைசி சீட்டுத்தான் கிடைத்தது. ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, திருச்சி வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு போனாள். முன் சீட்டில் கண்ணாத்தாள் பட்டுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை திரும்பி, "பின்னாடி சவுரியமா இருக்கா மூக்காயி?" என்று கேட்டாள். மூக்காயி "இருக்குக்கா" என்றாள். அந்தக் கேள்வி வருசம் ஒன்றாகியும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

செங்காட்டுப்பட்டியில் இது வழக்கம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவன் ஒருத்தன். அவனை அனுப்பிவைக்கப் போகிறவர்கள் ஒரு வேன் நிறைய. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, புளிச்சோறு கட்டி, குழந்தை குட்டியோடு ஏறுவார்கள். ஏர்போர்ட்டில் காவல்காரன் வெளியே நிறுத்திவிடுவான். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, போகிறவனுடைய முதுகு மறைகிற மட்டும் கையாட்டுவார்கள். பிறகு மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். மூக்காயி இப்படி ஊரில் பாதிப் பேரை அனுப்பிவைத்திருக்கிறாள். அவள் வீட்டு ஆளை அனுப்ப ஊர் வந்ததில்லை.

மூக்காயி புருசன் நாகராசுவும் கண்ணாத்தாள் புருசன் பெரியகருப்பனும் கூடப்பிறந்தவர்கள். ஒரு காலத்தில் ரெண்டு குடும்பமும் சேர்ந்துதான் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டது. பெரியகருப்பன் சிங்கப்பூர் போனான். வீடு மாடியாச்சு. கண்ணாத்தாள் குதிங்கால் வெடிப்பில் இருந்த கரி, ரெண்டு மூணு வருசத்தில் இல்லாமல் போச்சு. மூக்காயி குதிங்காலில் அது அப்படியே இருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத கரி. செருப்பில்லாமல் ரெண்டு ஓரகத்திகளும் கோயில் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது மூக்காயி சேலையை இறக்கிவிட்டுக் காலை மறைத்துக்கொள்வாள்.

பிள்ளைகள் ரெண்டும் டாக்டருக்குப் படித்தன. பிரவீன்குமார் தனியார் காலேஜில். மூக்காயி மகள் இளமதி அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில். "ஓசிச் சீட்டு" என்று கண்ணாத்தாள் சொன்னதாக மூக்காயி காதுக்கு வந்தது. "காசு குடுத்து வாங்கின சீட்டு" என்று மூக்காயி சொன்னதாகக் கண்ணாத்தாள் காதுக்குப் போனது. ரெண்டும் உண்மைதான். ரெண்டு பேரும் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் மேற்பயிற்சிக்கு இண்டர்வியூ என்று டெல்லி போன பிரவீன்குமாருக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருக்கிறான். ஆனால் கண்ணாத்தாள் வீட்டு முன்னறையில், ஏர்போர்ட் வாசலில் கோட்டுப் போட்டு நின்ற அவன் படம் மாட்டியிருக்கிறது. சீட்டுக் கிடைக்காதது படத்தில் தெரியாது.

மாசி மாசம் கடைசியில் மூக்காயியும் நாகராசுவும் கொல்லையில் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டின கருவேலங்கட்டையை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, சேறு குழைத்து அப்ப வேண்டும். கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். எரிந்தால் சாம்பல், வெந்தால் கரி. தீ வைத்த பிறகு ராப்பகலாகப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் மொத்தமும் போச்சு. அன்றைக்கு மூட்டத்துக்குத் தீ வைத்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. புகை வெள்ளையாக, கனமாக வந்துகொண்டிருந்தது. நாகராசு இருமி இருமித் துப்பினான்.

இளமதி செல்போனோடு வந்தாள்.

"அம்மா, இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பிரவீன் அண்ணன் போச்சே, அதே டெல்லி ஆஸ்பத்திரி. நெஞ்சு நோவு, மூச்சு எளப்பு பாக்குறதுக்குப் பயிற்சி."

மூக்காயி சேற்றுக் கையோடு நிமிர்ந்தாள். அவளுக்கு முதலில் தோன்றியது ஆஸ்பத்திரி இல்லை, வேன். முன் சீட்டு. கடைசி சீட்டில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கண்ணாத்தாள்.

"எப்ப ஏறணும்?"

"எதுல?"

"ஏரோப்ளேன்ல."

"ஏற வேணாம்மா. இங்கருந்தே கம்ப்யூட்டர்ல பேசிக்கலாம். வீடியோவுல மூஞ்சி தெரியும்."

"அவனை மட்டும் நேருல வரச் சொன்னாங்க?"

"அது போன வருசம். இந்த வருசம் மாத்திட்டாங்க. எல்லாரும் ப்ளேன்ல வந்துட்டுப் போனா கார்பன் ஜாஸ்தியாவுதுன்னு எழுதியிருக்காங்க."

"அது என்னது?"

இளமதி சட்டென்று ஒரு வார்த்தை தேடினாள். பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. "கரி."

"கரியா?"

"ஆமா, கரிதான். அது வந்து…"

அதற்குள் நாகராசு கத்தினான். "தெக்கால பொத்துக்கிச்சு, மண்ணள்ளு." மூட்டத்தின் தெற்குப் பக்கம் கையகலத்துக்கு வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மூக்காயி சேற்றை அள்ளிக்கொண்டு ஓடினாள். இளமதி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெடிப்பை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, இளமதிக்கு யாரோ போன் போட, அவள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். பேச்சு அந்தப் பாதியிலேயே நின்றது.

அந்தப் பாதி மூக்காயிக்குள் வேகத் தொடங்கியது. கரி என்று டெல்லிக்காரன் எழுதியிருக்கிறான். இவள் கரிமூட்டம் போடுகிறவள் மகள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் வாசலுக்கு வராதே, தூரத்திலிருந்தே பேசு என்று சொல்லிவிட்டான். அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? செங்காட்டுப்பட்டியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவன் ஒருத்தன்தான்.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டுக்குள் மோட்டார் இருந்தும் குடிக்கிற தண்ணிக்குக் கண்ணாத்தாள் குழாயடிக்குத்தான் வருவாள். ரெண்டு பிளாஸ்டிக் குடத்தையும் வரிசையில் வைத்துவிட்டு மூக்காயி பக்கம் திரும்பினாள்.

"ஒம் மவளைப் போனுலயே பேசச் சொல்லிட்டாங்களாம்ல?"

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"ஊருக்கே தெரியும். ஒம் புருசன் டீக்கடையில சொன்னாராம்." கண்ணாத்தாள் குடத்தைக் கழுவினாள். "எம் மவனை நேருல வந்தாத்தான் ஆச்சுன்னாங்க. ஆளைப் பாத்து எடுக்கணும்ல. போனுல பேசுறதுன்னா… சரி, கூப்பிட்டாங்கல்ல, அதுவே பெருசு."

"கரி வீட்டுப் புள்ளன்னு யாரோ போயி வத்தி வச்சிருக்காங்கக்கா. அதான் வர வேணாமாம்."

"என்னது?"

"யாரு வச்சாங்களோ அவங்களுக்குத் தெரியும்."

கண்ணாத்தாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அடி இவளே. நீ போடுறது மட்டும்தான் கரியா? எம் புருசன் சிங்கப்பூர் போறவரைக்கும் என்னத்தப் போட்டாரு, கடலையா? எம் மவன் கோட்டை மாட்டிக்கிட்டுப் போயி, ஐயா நாங்க கரிக்காரவங்க, எங்க சித்தப்பாவும் கரிக்காரருன்னு சொல்லிட்டு வந்தானாக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூக்காயி பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் இளமதியைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் கேப்பைக்களி கிண்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நம்ம தொழிலைப் பத்தி அந்த ஆஸ்பத்திரிக்கு யாரு எழுதிப் போட்டது?"

இளமதி முதலில் முழித்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமானது.

"நம்ம கரி இல்லம்மா. ஏரோப்ளேன் போறப்ப எண்ணெய் எரியுதுல்ல, அதுலருந்து வர்றது. கண்ணுக்குத் தெரியாது. மேல போயித் தங்கி வெக்கையப் புடிச்சு வச்சிக்கிரும். நாடு பூராவுலருந்தும் ஆளுக கெளம்பி வருவாங்க, ஆளுக்கு இருவது நிமிசம் பேசுறதுக்கு. ஒரு ஆளு இங்கருந்து போயிட்டு வர்றதுல, நம்ம வீட்டுல வருசம் முழுக்க கேஸ் எரிக்கிற அளவுக்கு ஆயிருமாம். அதனால வீடியோவுல பேசுங்கன்னு கேட்டிருக்காங்க. கண்டிப்பா நேருல வரணும்னு நெனைக்கிறவங்க வரலாம், ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டிருக்கு."

மூக்காயி கிண்டுவதை நிறுத்தினாள்.

"வரலாம்னு போட்டிருக்கா?"

இளமதிக்குத் தான் சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டது தெரிந்தது. "போட்டிருக்கு. நான்தான் வீடியோன்னு பதில் குடுத்தேன்."

"நீயா வேணாம்னியா?"

"நான் படிக்கப் போறதே மூச்சப் பத்தி. அந்த வெக்கையும் புகையும் யாரு நெஞ்சுல போயி உக்காருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, சும்மா ஒரு ஆசைக்கு…"

"சும்மா ஆசையா?" மூக்காயி துடுப்பைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் போயிட்டு வந்துட்டான். வானம் பூராக் கரியக் கொட்டிட்டான். அப்பல்லாம் ஒருத்தனும் கேக்கல. எம் மொறை வர்றப்பதான் வானத்துக்கு வலிக்குதா?"

வாசலில் உட்கார்ந்திருந்த நாகராசு இருமிக்கொண்டே சொன்னான். "விடு புள்ள. நம்ம போடுற பொகைக்கு ஈடா அவ ஒருத்தியாவது போகாம இருக்கட்டும்."

"நீங்க பேசாதிங்க. நீங்க ஒங்க அண்ணன் மாதிரி கெளம்பிப் போயிருந்தா நான் ஏன் இவகிட்ட ஏரோப்ளேன் கேக்கப் போறேன்."

களி அன்றைக்கு அடிப்பிடித்தது. மூன்று பேரும் தீய்ந்த வாசத்தோடு கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தின்றார்கள்.

மறுநாள் மூக்காயி வேன்காரன் ராக்கனைப் பார்க்கப் போனாள். அவன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான்.

"புதங்கெழமை வண்டி வேணும் தம்பி. எம் மவ இண்டர்வியூவுக்குப் போறா."

"திருச்சிக்கா, மதுரைக்கா?"

"திருமயம்."

ராக்கன் தலையை வெளியே எடுத்தான். "திருமயத்துல எப்பக்கா ஏர்போட்டு வந்துச்சு?"

"வந்துச்சு, ஒனக்கு என்ன. வண்டி உண்டா இல்லையா?"

செங்காட்டுப்பட்டியைச் சுத்தித் தைலமரம். சிக்னல் ரெண்டு கோடு வரும், காற்றடித்தால் ஒன்று போய்விடும். அதனால் திருமயம் பஸ் ஸ்டாண்டு எதிரே அருண்குமார் என்ற பையன் நடத்துகிற கம்ப்யூட்டர் கடையில் இண்டர்வியூ என்று இளமதி பேசி வைத்திருந்தாள். அருண்குமார் அவளோடு படித்தவளின் தம்பி. காலையில் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. வேன் என்று கேள்விப்பட்டதும் தலையில் கை வைத்தாள்.

"ப்ளேன்ல போனா கரின்னு வீட்டுலருந்து பேசச் சொல்றாங்க. நீ ஒரு வேன் ஆளை ஏத்திக்கிட்டு வர்றேங்கிற."

"ஏரோப்ளேன் ஒன் இஷ்டம். வேணாம்னுட்ட. வேன் என் இஷ்டம்."

இளமதி தாயை ஒரு நிமிசம் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, "வந்து தொலைங்க. ஆனா கடைக்குள்ள யாரும் வரக் கூடாது" என்றாள்.

மூக்காயி வீடு வீடாகப் போய் அழைத்தாள். கண்ணாத்தாள் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். "நீங்க இல்லாம எப்படிக்கா. நீங்கதான் மொதல்ல ஏறணும்" என்றாள். கண்ணாத்தாள் மறுக்கவில்லை. மறுத்தால் வயித்தெரிச்சல் என்று ஊர் சொல்லும். அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலையில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மூட்டம் கடைசி வேக்காட்டில் இருந்தது. புகை மெலிந்து நீலம் ஓடிக்கிடந்தது. அதை விட்டு வர முடியாது என்று நாகராசு மண்வெட்டியோடு கொல்லையிலேயே நின்றான். மகளைக் கூப்பிட்டு, கரிக்கை படாமல் புறங்கையால் அவள் தலையைத் தொட்டான். "நல்லாப் பேசு ஆத்தா" என்றான். இளமதி நீலச் சுடிதாரும் வெள்ளைக் கோட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

கண்ணாத்தாள் கக்கத்தில் ஜமுக்காளத்தோடு வந்தாள். போன வருசம் ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போன அதே சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளம். வண்டிக்குள் ஏறி முன் சீட்டைப் பார்த்தாள். அதில் மூக்காயி உட்கார்ந்திருந்தாள்.

"பின்னாடி போங்கக்கா. காத்து நல்லா வரும்."

கண்ணாத்தாள் பின்னால் போனாள். அரிமளம் தாண்டுகிற வரைக்கும் மூக்காயி பொறுத்துக்கொண்டிருந்தாள். தாண்டியதும் திரும்பினாள்.

"சவுரியமா இருக்காக்கா?"

"இருக்குடி," என்றாள் கண்ணாத்தாள். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. மூக்காயிக்குச் சப்பென்று போனது. அவள் எதிர்பார்த்தது வேறு.

அருண்குமார் கடை சின்னது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு கம்ப்யூட்டரைச் சுவரோரமாக வைத்து, அதற்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தான். அதில் உட்கார்ந்தால் முதுகு ரோட்டைப் பார்க்கும். இளமதி கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது. வந்த ஆட்கள் பழக்கப்பட்டவர்கள். கண்ணாடியைப் பார்த்ததும் ஒருத்தரும் சொல்லாமலே போய் ஒட்டிக்கொண்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மூக்காயி நடுவில் நின்றாள். அவள் கனாக் கண்ட மாதிரியேதான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மகள், இந்தப் பக்கம் ஊர். திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பொம்பளை டாக்டர். மூக்காயி கையை ஆட்டினாள்.

நரைத்த டாக்டர் பேசுவதை நிறுத்திவிட்டு, விரலை நீட்டி எதையோ கேட்டாள். இளமதி திரும்பிப் பார்த்தாள். எழுந்து வெளியே ஓடிவந்தாள்.

"எல்லாரும் போங்க. நீங்க பூராப் பேரும் எனக்குப் பின்னாடி தெரியுறீங்க. ஆளுக நின்னா, பதில் சொல்லிக்குடுக்க நிக்கிறாங்கன்னுதான் நெனைப்பாங்க. வெளிச்சம் வேற பின்னாலருந்து அடிக்குது, எம் மூஞ்சி கரியாத் தெரியுதாம். அஞ்சு நிமிசம் குடுத்திருக்காங்க. சரி பண்ணலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க."

அருண்குமார் ஷட்டரை இழுத்துப் பார்த்தான். மழைக்குத் துருவேறினது, அசையவில்லை. மேசையைத் திருப்பலாம் என்றால் ஒயர் எட்டாது என்றான். கூட்டத்தைப் பெரியவர் ஒருத்தர் ஆட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு வேனுக்குப் போனார். போலீஸ்காரர் விரட்டியதால் ராக்கன் வேனைத் திருமயம் கோட்டைப் பக்கம் கொண்டு போயிருந்தான். ஆனால் இவர்கள் போனாலும் பஸ் ஸ்டாண்டு எங்கே போகும். கண்ணாடிக்கு வெளியே பஸ்ஸும் லாரியும் வெயிலுமாக இருந்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் வெள்ளைக் கோட்டைப் பார்த்து நின்று எட்டிப் பார்த்தான்.

மூக்காயிக்கு மூட்டத்தில் மண் வெடித்தது போல இருந்தது. அங்கே என்றால் அள்ளி அப்பச் சேறு இருக்கும். இங்கே கையில் ஒன்றும் இல்லை. பார்வை, கூட்டத்தோடு போகாமல் நின்ற கண்ணாத்தாள் கக்கத்தில் போய் நின்றது.

"அந்த ஜமுக்காளத்தைக் குடுங்கக்கா."

கண்ணாத்தாள் கொடுக்கவில்லை. உதறி விரித்தாள். ஒரு முனையை மூக்காயியிடம் நீட்டினாள். இன்னொன்றை யாரிடம் கொடுப்பது என்று மூக்காயி திரும்பிப் பார்ப்பதற்குள் இளமதி சொல்லிவிட்டாள்.

"பெரியம்மா, நீங்க ஒசரம். நீங்க புடிங்க. கண்ணாடிய ஒட்டி, தலைக்கு மேல. எறக்கிராதீங்க பெரியம்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெண்டு பேரும் கண்ணாடியில் முதுகை ஒட்டி, ஆளுக்கொரு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பங்குனி பிறக்காத வெயிலே முகத்தில் அறைந்தது. ஜமுக்காளம் நேரமாக ஆகக் கனத்தது. எதிரே தேவகோட்டை பஸ் நின்றிருந்தது. சன்னலோரத்தில் இருந்தவர்கள் இவர்களை ஜவுளி விற்கிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

உள்ளே இங்கிலீசில் இளமதி குரல் கேட்டது. மூக்காயிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பார்க்கவும் முடியவில்லை. பார்ப்பதற்கென்றே வேன் பிடித்து வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கண்ணாத்தாள் பக்கம் ஜமுக்காளம் ஒரு சாண் இறங்கியது.

"எறக்காதிங்க."

"எறக்கல. தோளு நோவு. மாத்திக்கிறேன்."

"வேணும்னே எறக்காதிங்க."

கண்ணாத்தாள் அவளைப் பார்த்தாள். "வேணும்னே செய்யணும்னா இப்ப விட்டேன்னாப் போதும்ல?"

பேசினால் விட்டுவிடுவாளோ என்று மூக்காயிக்குப் பயமாக இருந்தது. அந்தத் துணியின் அந்த முனையில்தான் எல்லாம் இருந்தது. மகள் படித்த படிப்பு, அவளும் நாகராசுவும் தின்ற புகை, எல்லாம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை, இந்த ஊரிலேயே அதை விடுவதற்கு அதிக ஆசை உள்ள கை.

"விட மாட்டேன், பயப்படாத," என்றாள் கண்ணாத்தாள். கொஞ்சம் கழித்து, "ஆசையா இருக்கு. இல்லைன்னு சொல்லல" என்றாள்.

பஸ் கிளம்பிப் போனது. தூசி வந்து ரெண்டு பேர் மேலும் படிந்தது.

"பிரவீனு ஏன் வரல தெரியுமா? அனுப்பிவைக்க வாடான்னு கூப்பிட்டேன். நான் எதுக்கு வந்து பாக்கணும்னான்." கண்ணாத்தாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன வருசம் ஒருத்திக்கு மட்டும் ஒடம்பு முடியலன்னு வீடியோவுல பேச விட்டாங்களாம். இவன் கோட்டு, டையி எல்லாம் போட்டுக்கிட்டு அவங்களுக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தான். சீட்டு அவளுக்குப் போச்சு. வீட்டுல படுத்துக்கெடந்தவ வாங்கிட்டா, அவ்வளவு தூரம் பறந்து போனவன் வெறுங்கையா வந்தான். கூட்டிட்டு வரவும் வேன்ல போனோம்ல, திருச்சியில எறங்குறான், நம்ம எல்லாரும் கண்ணாடிக்கு வெளிய கையாட்டுறோம். நீயும்தான் ஆட்டுன. அவன் அந்தாண்ட வாசல் வழியா வெளிய போயிரலாமான்னு பாத்தானாம்."

"அன்னைக்கு நீங்க சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"வேன் நெறைய ஆளை வச்சுக்கிட்டு அழவா முடியும்."

உள்ளே இளமதி சிரிக்கிற சத்தம் கேட்டது. தணிந்த, பதமான சிரிப்பு. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து மூக்காயி கேட்டதில்லை. அந்த நரைத்த தலைக்காரியிடம் சிரிக்கிறாள். முன்பின் தெரியாத ஒருத்தி, வீடியோவுக்குள் உட்கார்ந்துகொண்டு, இருவது நிமிசத்தில் அந்தச் சிரிப்பை வாங்கிவிட்டாள்.

கை மரத்துப்போய் ரெண்டு பேருக்கும் துணி நடுங்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. இளமதி வெளியே வந்தாள். மூக்காயி அவள் முகத்தைப் பார்க்க அவசரமாகத் திரும்பினாள். இளமதி அவளைத் தாண்டிப் போய், கண்ணாத்தாள் கையிலிருந்த முனையை முதலில் வாங்கினாள்.

"ரொம்ப வலிக்குதா பெரியம்மா?" என்று அவள் தோளை அமுக்கிவிட்டாள்.

மூக்காயி தன் முனையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் கையிலிருந்தும் யாராவது வாங்குவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தானே இறக்கிக்கொண்டாள்.

கோட்டைச் சுவரோரம் வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்துப் புளிச்சோறும் பருப்புத் துவையலும் வைத்தார்கள். இண்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள்.

"பின்னாடி என்ன செவப்பாத் தெரியுதுன்னு கேட்டாங்க. எங்க அம்மாவும் பெரியம்மாவும் வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னேன். அந்த டாக்டரம்மா சிரிச்சாங்க. அம்மா என்ன வேலைன்னு கேட்டாங்க. கரி போடுறாங்கன்னேன்."

மூக்காயி கையில் சோற்று உருண்டை நின்றது. "சொல்லிட்டியா?"

"சொன்னேன். அப்பா இருமுறதையும் சொன்னேன். எத்தனை வருசமா, எந்த நேரத்துல ஜாஸ்தி, ஊர்ல வேற யாருக்கு இருக்குன்னு அதுலயே பாதி நேரம் போச்சு. ப்ளேன் பொகையப் பத்தி நாங்க எழுதினோம், இந்தப் பொகையப் பத்தி நாங்க நெனைக்கலன்னாங்க." அவள் சோற்றைப் பிசைந்தாள். "முடிவு இன்னைக்கே மெயில்ல வரும்னு சொன்னாங்க."

"வேன்ல வந்தோம்னு சொல்லலையே?" என்றான் ராக்கன்.

"சொல்லிருந்தா அப்பவே வெளிய அனுப்பியிருப்பாங்கண்ணே," என்றாள் இளமதி. எல்லாரும் சிரித்தார்கள். மூக்காயியும் சிரித்தாள்.

திரும்புகிறபோது கண்ணாத்தாளை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. அவளாகவே போய் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெயிலில் நின்றதில் தலை வலிக்கிறது என்று ஜமுக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

தைலமரக்காடு தொடங்குகிற திருப்பத்தில், சிக்னல் போவதற்கு முன்னால், இளமதியின் போன் ஒரு சத்தம் போட்டது. அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "எடுத்துட்டாங்கம்மா" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வேனுக்கே கேட்டுவிட்டது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். ராக்கன் ஹாரனை விடாமல் அமுக்கினான்.

மூக்காயி மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருசமாக அவள் பார்க்கக் காத்திருந்த முகம் அங்கேதான் இருக்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட துணிதான் தெரிந்தது. அசையாமல் இருந்தது. தூங்குகிறாளாம், இத்தனை சத்தத்தில்.

அவளால் பொறுக்க முடியவில்லை. ஆடுகிற வண்டியில் ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். ஸ்டெப்னி டயர் மேல் குந்தி உட்கார்ந்தாள். ஜமுக்காளத்தின் விளிம்பைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

கண்ணாத்தாள் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். புழுதி அப்பின கன்னத்தில் ரெண்டு கோடு இறங்கியிருந்தது. முகத்தைத் திருப்பவில்லை.

"பாத்துட்டியா?" என்றாள்.

மூக்காயி விளிம்பை விடாமல் பிடித்திருந்தாள்.

"பாத்துட்டில்ல. மூடு."

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ரெண்டு பேர் தலையும் கூரையில் இடித்தது. மூக்காயி ஜமுக்காளத்தை இழுத்துப் போர்த்தினாள். முன்சீட்டிலிருந்து யாராவது திரும்பினால் தெரிந்துவிடாதபடி, வெடித்த மூட்டத்தை அடைக்கிற பக்குவத்தில், தோளைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, ஒரு இடத்திலும் காற்றுப் புகாமல் செருகி மூடினாள்.